எள்ளுத்தாத்தா எந்தப் பக்கம்? அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரரைத் தேடிப் பிடிப்பது எப்படி

என் மகன் கட்டியிருப்பது மிசூரி மாநிலத்துப் பெண்ணை. எனக்குப் பழைய காகிதங்களைக் கிளறுவது பிடிக்கும் என்று தெரிந்ததும் சம்பந்தியம்மா ஒரு நாள் கேட்டார், "எங்க எள்ளுத்தாத்தா உள்நாட்டுப் போர்ல தெற்குப் படையில இருந்தவர், ஜெனரல் பிரைஸுக்குக் கீழ சண்டை போட்டவர், அவரோட ரெக்கார்டை எடுத்துத் தர முடியுமா?" ஒரு சாயங்காலத்து வேலை என்று நினைத்துச் சரி என்றேன். எட்டு மாதம் ஆனது. அதில் ஆறு மாதம் வீண், ஏனென்றால் அவர் சொன்னதை நம்பித் தெற்குப் பக்கத்தை மட்டுமே தேடிக்கொண்டிருந்தேன்.

பேரப்பிள்ளைகளின் ஒரு பக்கத்து வேர் அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது நிறைய. அந்தப் பக்கத்து வம்சத்தைத் தேட உட்கார்ந்தால், வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போர் நடந்த 1861-க்கும் 1865-க்கும் நடுவில் ஒரு சிப்பாய் கட்டாயம் வந்து நிற்பார். அவர் ஒஹாயோவிலோ மாசசூசெட்ஸிலோ இருந்தவர் என்றால் வேலை சுலபம். மிசூரி, கென்டக்கி, மேரிலாந்து, மேற்கு வர்ஜீனியா, கிழக்கு டென்னசி என்றால் உஷாராக இருங்கள், அங்கே ஊர் இரண்டு, தெரு இரண்டு, சில வீடுகளில் சாப்பாட்டு மேசையே இரண்டு. கென்டக்கியின் செனட்டர் ஜான் கிரிட்டெண்டனின் மகன்களில் இருவர் மேஜர் ஜெனரல்கள், தாமஸ் வடக்கில், ஜார்ஜ் தெற்கில். பெரிய இடத்திலேயே இப்படி என்றால் அரை ஏக்கர் புகையிலை போட்டுப் பிழைத்தவன் வீட்டில் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அதனால் முதல் வேலை, குடும்பத்தில் சொல்லும் கதையை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு, அதில் எந்தப் பக்கத்துப் படை என்பதை மட்டும் அடித்துவிடுவது. பெயர், ஊர், மனைவி பெயர், எங்கே புதைத்தார்கள், இதெல்லாம் பெரும்பாலும் சரியாக இருக்கும். எந்தப் படை என்பதும் என்ன பதவி என்பதும்தான் நூற்றறுபது வருடத்தில் மாறிப்போகும். போர் முடிந்து முப்பது வருடம் கழித்துப் பழைய சிப்பாய்கள் கூடிய கூட்டங்களில் எல்லாரும் எல்லாரையும் 'கேப்டன்', 'கர்னல்' என்று கூப்பிட்டுக்கொண்டார்கள், அது அப்படியே குடும்பத்தில் தங்கிவிட்டது. சாதா சிப்பாய் என்று வைத்துக்கொண்டு தேடுங்கள், கர்னலாக இருந்தால் அவரே வந்து கண்ணில் படுவார்.

பெயருக்கு முன்னால் ஊரைப் பிடியுங்கள்

ஆள் சுமார் 1815-லிருந்து 1848-க்குள் பிறந்திருக்க வேண்டும். 1860 சென்சஸில் அவர் எந்தக் கவுன்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) இருந்தார் என்று கண்டுபிடிப்பதுதான் அஸ்திவாரம். ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், ஒரு கணக்குத் தொடங்கினால் போதும். அவர் இருக்கும் பக்கத்தோடு நிறுத்தாமல் முன்னால் இரண்டு பக்கம், பின்னால் இரண்டு பக்கம் என்று அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், குறிப்பாக பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்களை. இது வெட்டி வேலை மாதிரி தோன்றும், ஆனால் மொத்தத் தேடலிலும் எனக்கு அதிகம் கைகொடுத்தது இதுதான்.

காரணம் படை திரட்டப்பட்ட விதம். ஒரு ரெஜிமென்டில், அதாவது ஒரு படைப்பிரிவில், சாதாரணமாகப் பத்து கம்பெனி, ஒவ்வொரு கம்பெனியும் ஒரு கவுன்டியிலிருந்தோ பக்கத்துப் பக்கத்துக் கவுன்டிகளிலிருந்தோ திரட்டியது. அண்ணன் தம்பி, மச்சான், பக்கத்து வயல்காரன் எல்லாம் ஒரே நாளில் ஒரே ஆளிடம் கையெழுத்துப் போட்டவர்கள். ஆகவே உங்கள் ஆளின் பெயர் ஜான் ஸ்மித் என்று இருந்து தலை சுற்றினால், பக்கத்து வீட்டில் விசித்திரமான பெயருள்ள ஒருவனை எடுத்து அவன் எந்த ரெஜிமென்ட் என்று பாருங்கள். அந்தக் கம்பெனியின் பட்டியலில் உங்கள் ஜான் ஸ்மித்தும் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் இந்த மாநிலங்களில் ஒரே தெருவிலிருந்து இரண்டு படைக்கும் ஆள் போயிருப்பார்கள், அதனால் ஒரே ஒரு பக்கத்து வீட்டுக்காரனை நம்பி முடிவு கட்டாதீர்கள், ஐந்தாறு பேரையாவது பாருங்கள்.

அப்புறம் பெயர்ப் பட்டியல். அமெரிக்க தேசியப் பூங்காத் துறை நடத்தும் 'சோல்ஜர்ஸ் அண்ட் செய்லர்ஸ்' தளம் இலவசம், 63 லட்சம் பெயர்கள் இருக்கின்றன. அத்தனை பேர் போரில் இல்லை. ஒரே ஆள் இரண்டு ரெஜிமென்டில் இருந்திருப்பார், ஒரே ஆளை எழுத்தர் மூன்று விதமாக எழுதியிருப்பார், ஒவ்வொன்றும் தனிப் பெயராக ஏறியிருக்கும். தேடும்போது வடக்கா தெற்கா என்று கேட்கும் பெட்டியைக் காலியாக விடுங்கள். முழுப் பெயர் கிடைக்காவிட்டால் முதலெழுத்து மட்டும், நடுப்பெயர் மட்டும், உச்சரிப்புக்கு ஏற்ற நாலைந்து எழுத்து வடிவம் என்று போட்டுப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஆள் வாயால் பெயரைச் சொல்ல, ஜெர்மன்கார எழுத்தர் ஒருவர் காதில் விழுந்தபடி எழுதிய பட்டியல்கள் மிசூரியில் எக்கச்சக்கம்.

ஒரே பெயரில் இரண்டு ரெஜிமென்ட்

எல்லாரும் இடறி விழும் இடம் இது. இரண்டு பக்கமும் மாநிலத்தின் பெயரையும் எண்ணையும் வைத்தே ரெஜிமென்டுக்குப் பெயர் வைத்தார்கள். அதனால் முதலாம் மிசூரி குதிரைப்படை யூனியன் என்ற வடக்குப் படையிலும் உண்டு, கான்ஃபெடரேட் என்ற தெற்குப் படையிலும் உண்டு. முதலாம் மேரிலாந்து காலாட்படையும் அப்படித்தான், இரண்டும் 1862 மே 23 அன்று வர்ஜீனியாவில் ஃப்ரன்ட் ராயல் என்ற ஊரில் நேருக்கு நேர் மோதின. தெற்கு மேரிலாந்து படையில் கேப்டனாக இருந்த வில்லியம் கோல்ட்ஸ்பரோ அன்று பிடித்த கைதிகளில் அவருடைய சொந்தத் தம்பி சார்லஸும் ஒருவர். இணையத்தில் இருக்கும் குடும்ப மரங்களில் 'முதலாம் மேரிலாந்து' என்று மட்டும் எழுதி அதற்குக் கீழே எதிர்ப்படையின் வரலாற்றை ஒட்டி வைத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாவம், தாத்தா தன்னையே சுட்டுக்கொண்ட மாதிரி இருக்கும். ரெஜிமென்ட் பெயரை எங்கே எழுதினாலும் யூனியன் அல்லது கான்ஃபெடரேட் என்று கூடவே எழுதும் பழக்கத்தை முதல் நாளே வைத்துக்கொள்ளுங்கள்.

சேவைப் பதிவு

ரெஜிமென்ட் தெரிந்துவிட்டால் அடுத்து எடுக்க வேண்டியது தொகுக்கப்பட்ட ராணுவ சேவைப் பதிவு. இது சின்னச் சின்ன அட்டைகளாக ஓர் உறைக்குள் இருக்கும். போர் நடந்தபோது எழுதியவை அல்ல அந்த அட்டைகள். 1890-களில் பென்ஷன் விண்ணப்பங்கள் மலைபோல் குவிந்து, ஒவ்வொருவரும் நிஜமாகவே படையில் இருந்தாரா என்று சரிபார்க்க வேண்டி வந்தபோது, ராணுவ அலுவலகத்து எழுத்தர்கள் பழைய வருகைப் பட்டியல்களைப் பிரித்து ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு அட்டையில் நகல் எடுத்தார்கள். தெற்குப் படைக்கு இந்த வேலை 1903-க்குப் பிறகுதான் ஆரம்பித்தது, அதுவும் பிடிபட்ட காகிதங்களிலிருந்தும் மாநிலங்கள் கொடுத்ததிலிருந்தும். அதனால் தெற்குச் சிப்பாயின் உறை ஒல்லியாக இருந்தால் ஆள் சும்மா இருந்தார் என்று அர்த்தமில்லை, காகிதம் தொலைந்திருக்கிறது.

வருகைப் பட்டியல் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. ஒவ்வோர் அட்டையிலும் ஆள் இருந்தாரா இல்லையா, கடைசியாக எப்போது சம்பளம் வாங்கினார், அப்புறம் குறிப்பு என்று ஒரு வரி. அந்தக் குறிப்பு வரியை ஆற அமரப் படியுங்கள். "மருத்துவமனையில்", "விடுப்பு தாண்டியும் வரவில்லை", "ஓடிவிட்டார்", "துப்பாக்கியைத் தொலைத்ததற்குப் பிடித்தம்". குதிரைப்படையில் சொந்தக் குதிரை கொண்டுவந்தவனுக்கு ஒரு நாளைக்கு 40 சென்ட் கூடுதல், குதிரை செத்தால் அந்தத் தேதியும் இருக்கும். 'ஓடிவிட்டார்' என்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். அறுவடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தவனுக்கும், எதிரி பிடித்துக்கொண்டு போனது கம்பெனிக்குத் தெரியாமல் போனவனுக்கும் அதே வார்த்தைதான். அடுத்த நாலு அட்டைகளைப் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள். உறையின் முகப்பில் "இதையும் பார்க்கவும்" என்று வேறொரு எழுத்து வடிவமோ வேறொரு ரெஜிமென்டோ இருந்தால் அதை விடவே கூடாது.

எங்கே கிடைக்கும்? தெற்குப் படைப் பதிவுகள் ஃபோல்ட்3 தளத்தில் ஸ்கேன் செய்யப்பட்டிருக்கின்றன. வடக்குப் படையில் நியூயார்க், ஒஹாயோ போன்ற பெரிய மாநிலங்களுக்குப் பெயர்ப் பட்டியலைத்தான் மைக்ரோஃபில்ம் எடுத்தார்கள், உள்ளே இருக்கும் பதிவை வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திடம் ஆர்டர் செய்துதான் வாங்க வேண்டும். ஆனால் மிசூரி, கென்டக்கி, மேரிலாந்து, மேற்கு வர்ஜீனியா, டென்னசியின் யூனியன் பதிவுகள் முழுசாகவே மைக்ரோஃபில்மில் ஏறியவை, ஆகவே அவையும் ஃபோல்ட்3-ல் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் பிளவுபட்ட மாநிலத்துக்காரர்களுக்கு அதிர்ஷ்டம். ஃபோல்ட்3-க்குச் சந்தா கட்ட வேண்டும், ஆனால் அமெரிக்காவில் நிறையப் பொது நூலகங்களில் உள்ளே உட்கார்ந்து இலவசமாகப் பார்க்கலாம், முதலில் அதைக் கேளுங்கள்.

1973-ல் செயின்ட் லூயிஸ் தீவிபத்தில் எல்லாம் எரிந்துவிட்டதாமே என்று யாராவது சொன்னால் கண்டுகொள்ளாதீர்கள். அதில் போனது 20-ம் நூற்றாண்டு ராணுவப் பதிவுகள். உள்நாட்டுப் போர்க் காகிதங்கள் வாஷிங்டனில் பத்திரமாக இருக்கின்றன.

பென்ஷன் கோப்பு என்ற புதையல்

சேவைப் பதிவில் சிப்பாய்தான் இருப்பார், மனிதர் பென்ஷன் கோப்பில் இருப்பார். கூட்டாட்சி அரசு பென்ஷன் கொடுத்தது யூனியன் பக்கத்துக்கு மட்டும். விதவை விண்ணப்பித்தால் கல்யாணத்துக்குச் சாட்சி வேண்டும், குழந்தைகள் பிறந்த தேதிக்கு ஆதாரம் வேண்டும், சர்டிபிகேட் இல்லாத காலம், அதனால் குடும்ப பைபிளில் பிறப்பு இறப்பு எழுதிய தாளைக் கிழித்தே அனுப்பியிருக்கிறார்கள். மருத்துவச்சி வந்து "இந்தக் குழந்தை பிறந்தபோது நான் இருந்தேன்" என்று சொன்ன வாக்குமூலம் இருக்கும். 1898-லும் 1915-லும் பென்ஷன் அலுவலகம் ஒரு கேள்வித்தாள் அனுப்பியது, மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன, எங்கே எப்போது யார் கல்யாணம் செய்து வைத்தார், முன்னால் வேறு கல்யாணம் உண்டா, உயிரோடு இருக்கும் பிள்ளைகள் பெயரும் பிறந்த தேதியும் என்று. வம்சாவளிக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

பென்ஷன் பெயர்ப் பட்டியல் ஃபேமிலிசர்ச்சில் இலவசம். அதில் ஒவ்வொரு பெயருக்கும் விண்ணப்ப எண், ஒப்புதல் எண், எந்த மாநிலத்திலிருந்து விண்ணப்பித்தார் என்பது இருக்கும். எண்ணைக் குறித்துக்கொண்டு தேசிய ஆவணக் காப்பகத்தில் முழுக் கோப்பை ஆர்டர் செய்யுங்கள். முதல் நூறு பக்கத்துக்கு 80 டாலர் என்பது நான் கட்டிய கணக்கு, ஆர்டர் போடும் முன் இப்போதைய கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்த விலையில் பொறுக்கியெடுத்த சில தாள்கள் மட்டும் அனுப்பும் வசதியும் உண்டு, அதை வாங்காதீர்கள். எதைப் பொறுக்குவது என்பது உங்கள் கையில் இல்லை, நல்ல சண்டை எல்லாம் விட்டுப்போன தாளில்தான் இருக்கும். விதவைகள் கோப்பில் ஒரு பகுதி ஏற்கெனவே இணையத்தில் வந்துவிட்டது, அதனால் தேடிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

தெற்குக்காரருக்குப் பென்ஷன் கொடுத்தது மாநிலங்கள். இங்கே ஒரு நுணுக்கம், போரிட்ட மாநிலம் எது என்பது கணக்கில்லை, விண்ணப்பிக்கும்போது எங்கே குடியிருந்தாரோ அந்த மாநிலம். மிசூரி ரெஜிமென்டில் இருந்துவிட்டு டெக்ஸஸுக்குக் குடிபெயர்ந்தவரின் கோப்பு டெக்ஸஸில் இருக்கும். டெக்ஸஸ் 1899-ல் தொடங்கியது, கென்டக்கி 1912, மிசூரியும் ஏறக்குறைய அப்போதுதான், அதற்குள் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிசூரியில் ஹிகின்ஸ்வில் என்ற ஊரில் 1891-லிருந்து வயதான தெற்குச் சிப்பாய்களுக்கு ஓர் இல்லம் இருந்தது, அதில் சேர எழுதிய விண்ணப்பங்களையும் விடாதீர்கள்.

தெற்குப் படையில் விருப்பப்பட்டுச் சேர்ந்தவனுக்குக் கூட்டாட்சிப் பென்ஷன் கிடையாது என்பது சட்டம். ஆகவே முதலில் அங்கே இருந்துவிட்டுப் பிறகு யூனியனின் நீலச் சட்டை போட்டவர்கள் பென்ஷன் வாக்குமூலத்தில் "என்னைக் கட்டாயப்படுத்திச் சேர்த்தார்கள்" என்று எழுதுவார்கள். நிஜமாகவும் இருக்கலாம், கதையாகவும் இருக்கலாம். இரண்டு பக்கமும் இருந்தவர்கள் அபூர்வம் என்று நினைக்காதீர்கள். சிறைமுகாமிலிருந்து யூனியனில் சேர்ந்த தெற்குக் கைதிகளை வைத்து மட்டும் ஆறு ரெஜிமென்ட் அமைத்து மேற்கு எல்லைக்கு அனுப்பினார்கள், ஏறக்குறைய 6,000 பேர். உள்நாட்டுப் போர்க் கணக்கில் கடைசியாகப் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த பெண்மணி இறந்தது 2020-ல்தான், மாதம் 73 டாலர் 13 சென்ட். அவருடைய அப்பா வட கரோலினாவில் முதலில் தெற்குப் படையில் இருந்து, அங்கிருந்து ஓடிவந்து யூனியனில் சேர்ந்தவர்.

கோடு போட்ட பெயர்

1890 சென்சஸின் பெரும்பகுதி 1921-ல் வாஷிங்டனில் தீப்பிடித்ததில் நாசமானது. ஆனால் 1890-லேயே யூனியன் வீரர்களையும் விதவைகளையும் தனியாகக் கணக்கெடுத்த ஏடுகளில் ஆங்கில அகரவரிசையில் கென்டக்கியின் பாதியிலிருந்து கடைசி மாநிலம் வரை தப்பித்திருக்கின்றன. மேரிலாந்து, மிசூரி, டென்னசி எல்லாம் அதற்குப் பின்னால் வருவதால் இருக்கின்றன. ரெஜிமென்ட், கம்பெனி, சேர்ந்த தேதி, விடுபட்ட தேதி, தபால் முகவரி, உடம்பில் என்ன கோளாறு என்று வரிசையாக இருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால் கணக்கெடுக்கப் போன ஆள்களில் சிலர் தெற்குச் சிப்பாய்களையும் எழுதிவிட்டார்கள். மேலதிகாரி பார்த்து அந்தப் பெயர்கள் மேல் கோடு போட்டார். கோட்டுக்குக் கீழே பெயரும் ரெஜிமென்டும் நன்றாகவே படிக்க முடியும், தெற்கு வீரரைத் தேடுகிறவனுக்கு அந்தக் கோடு ஒரு வரம். நான் சம்பந்தியம்மாவின் எள்ளுத்தாத்தா பெயர் கோட்டுக்கு அடியில் இருக்கும் என்ற எதிர்பார்ப்பில்தான் அந்தக் கவுன்டியின் பக்கங்களைப் புரட்டினேன். இருபதாவது வரியில் ஒரு பெயர் அடித்திருந்தது, அது பக்கத்து வீட்டுக்காரன். அதற்கு அடுத்த வரியில் நம் ஆள், மேலே கோடு எதுவும் இல்லை. யூனியன் மிலிஷியா (மாநிலத்துக்குள் திரட்டிய படை) குதிரைப்படை, உடம்புக் கோளாறு வாதநோய். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

1910 சென்சஸையும் ஒரு பார்வை பாருங்கள். 30-வது பத்தியில் யூனியன் தரைப்படைக்கு 'யு.ஏ.', கான்ஃபெடரேட் தரைப்படைக்கு 'சி.ஏ.' என்று குறித்திருப்பார்கள். கிழவர் தானே வாயால் சொன்னது அது, ஆனபடியால் அவர் அப்போது ஊருக்கு என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்பதும் தெரிந்துவிடும்.

எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்கள்

மிசூரியில் சண்டை போட்டவர்களில் ஏராளமானோர் இரண்டு தேசியப் படையிலும் இல்லை. 1861-ல் ஸ்டெர்லிங் பிரைஸ் தலைமையில் இருந்த மிசூரி மாநிலக் காவல் படை தெற்கோடு நின்று போரிட்டாலும் கான்ஃபெடரேட் ராணுவத்தின் பகுதி கிடையாது. யூனியன் பக்கம் 1862 ஜூலையில் ஓர் உத்தரவு வந்தது, உடம்பில் வலுவுள்ள ஆண்கள் எல்லாரும் பதிவு மிலிஷியாவில் பெயர் கொடுக்க வேண்டும், தெற்கு அனுதாபி என்றால் அதையும் சொல்லிப் பதிய வேண்டும் என்று. அதுவரை வம்பு வேண்டாம் என்று வயலில் இருந்தவன் அன்றைக்கு ஏதாவது ஒரு பக்கம் போயே ஆக வேண்டியதாயிற்று, சிலர் மிலிஷியாவுக்கு, சிலர் காட்டுக்கு. இந்த மாநிலப் படைகளுக்கு ஜெஃபர்சன் சிட்டியில் உள்ள மிசூரி மாநில ஆவணக் காப்பகத்தின் சிப்பாய்கள் தளத்தைப் பாருங்கள், அட்டைகளின் படத்தோடு இலவசம்.

காட்டுக்குப் போன கொரில்லாக்களுக்கு வருகைப் பட்டியல் ஏது. அவர்களைப் பிடிக்க ஒரே வழி அவர்களைத் துரத்தியவர்களின் காகிதம். ப்ரோவோஸ்ட் மார்ஷல் என்ற ராணுவப் போலீஸ் அதிகாரி யார் யாரைக் கைது செய்தார், யார் விசுவாசப் பிரமாணம் எடுத்தார்கள், எத்தனை டாலருக்கு ஜாமீன் கட்டினார்கள், பக்கத்து வீட்டுக்காரி என்ன கோள் சொன்னாள் என்பதெல்லாம் அந்தக் கோப்புகளில் இருக்கிறது. அதே ஆவணக் காப்பகம் இதற்கும் பெயர்த் தேடல் வைத்திருக்கிறது. பெண்கள் பெயரையும் போட்டுப் பாருங்கள். தம்பிக்குச் சோறு கொடுத்ததற்காகக் கைதான அக்காமார்கள் இதில் உண்டு.

ஒரு கவுன்டி காலியாகத் தெரிந்தால் குழம்பாதீர்கள். மக்களை வெளியேறச் சொல்லி 1863 ஆகஸ்ட் 25-ம் தேதி யூனியன் ராணுவம் போட்ட 11-ம் எண் உத்தரவால் மிசூரியின் மேற்கு எல்லையில் ஜாக்சன், காஸ், பேட்ஸ் கவுன்டிகளும் வெர்னன் கவுன்டியின் ஒரு பகுதியும் கிட்டத்தட்ட வெறிச்சோடிப் போயின. அந்தக் குடும்பங்களை 1870 சென்சஸில் டெக்ஸஸ் வரை தேட வேண்டியிருக்கும்.

பிரிந்துபோன தென் மாநிலங்களிலோ மேற்கு வர்ஜீனியாவிலோ இருந்த குடும்பம் என்றால் சதர்ன் கிளெய்ம்ஸ் கமிஷன் கோப்புகள் உண்டு. யூனியன் படை எடுத்துக்கொண்ட மாடு, சோளம், வேலிக் கட்டைக்கு 1871-லிருந்து நஷ்டஈடு கேட்டவர்கள் 22,298 பேர். நீ யார் பக்கம், உன் சொந்தக்காரர் யாராவது எதிர்ப்படையில் இருந்தார்களா என்று துருவித் துருவிக் கேட்டிருக்கிறார்கள், அண்ணனைக் காட்டிக்கொடுக்காமல் மாட்டுக்குக் காசு வாங்கப் பாடுபட்டவர்களின் பதில்களைப் படிப்பதே ஓர் அனுபவம். மிசூரிக்கும் கென்டக்கிக்கும் இது கிடையாது.

கறுப்பினச் சிப்பாய்கள்

உங்கள் சம்பந்தி வீடு கறுப்பினக் குடும்பம் என்றால் தேடல் வேறு மாதிரி போகும், சில இடங்களில் இன்னும் ஆழமாகப் போகும். யூனியனின் கறுப்பினப் படைகளில் ஏறக்குறைய 1,80,000 பேர் இருந்தார்கள், கென்டக்கி ஒன்றிலிருந்து மட்டும் சுமார் 23,700. 1860 சென்சஸின் அடிமைப் பட்டியலில் அடிமைகளுக்குப் பெயர் போடவில்லை, முதலாளி பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் அவ்வளவுதான். அந்தச் சுவரைத் தாண்ட உதவும் வாசல்களில் முக்கியமானது இந்தச் சேவைப் பதிவு. எல்லை மாநிலங்களில் யூனியனுக்கு விசுவாசமான முதலாளிகளுக்குத் தங்கள் அடிமை படையில் சேர்ந்தால் 300 டாலர் வரை நஷ்டஈடு என்று அரசு சொன்னது. அதைக் கேட்டு முதலாளி கொடுத்த காகிதம் சிப்பாயின் உறையிலேயே இருக்கலாம், யாரிடமிருந்து வாங்கினார் என்ற விவரத்தோடு. படிக்கும்போது வயிற்றைப் பிசையும், ஆனாலும் குடும்பத்தை ஒரு தலைமுறை பின்னால் கொண்டுபோவது அந்தத் தாள்தான். பென்ஷன் கோப்பை இவர்களுக்கு அவசியம் வாங்குங்கள். படையில் முதலாளியின் குடும்பப் பெயரில் இருந்துவிட்டுப் போருக்குப் பிறகு தன் அப்பாவின் பெயருக்கு மாறியவர்கள் அதற்கான காரணத்தைத் தங்கள் வாயாலேயே சொல்லியிருப்பார்கள்.

இரண்டு காகிதமும் ஒரே ஆளா?

கடைசியில் கைக்கு இரண்டு உறை வரும், ஒன்று தெற்கு, ஒன்று வடக்கு, ஒரே பெயர். உடனே "இரண்டு பக்கமும் இருந்தார்" என்று அறிவிக்க ஆசையாக இருக்கும். பொறுங்கள். ஒரே கவுன்டியில் ஒரே பெயரில் சித்தப்பா மகனும் பெரியப்பா மகனும் இருப்பது அங்கே சர்வசாதாரணம், தாத்தா பெயரை எல்லாப் பேரனுக்கும் வைப்பது நம்மூர் வழக்கம் மட்டும் அல்ல. முதலில் தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள், ஒரே மாதத்தில் இரண்டு இடத்திலும் சம்பளம் வாங்கியிருந்தால் ஆள் இரண்டு பேர். அப்புறம் வயது, பிறந்த கவுன்டி, உயரம், கண் நிறம், முடி நிறம், இவை சேரும்போது எழுதும் தாளிலும் பிரமாணத் தாளிலும் இருக்கும். உயரத்தில் ஒரு அங்குலம் முன்னே பின்னே இருக்கலாம், கண் நிறம் மாறாது.

எங்கள் விஷயத்தில் முடிச்சை அவிழ்த்தது கையெழுத்து. 1861-ல் மாநிலக் காவல் படையில் ஆறு மாதம் இருந்தவர், ஆகவே ஜெனரல் பிரைஸ் கதை பொய்யில்லை. 1862 வசந்தத்தில் ப்ரோவோஸ்ட் மார்ஷல் முன்னால் பிரமாணம் எடுத்திருக்கிறார், அந்தத் தாளில் அவர் போட்ட கையெழுத்தில் 'என்' எழுத்தைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி திருப்பிப் போட்டிருந்தார். அடுத்த வருடம் யூனியன் குதிரைப்படை. முப்பது வருடம் கழித்துப் பென்ஷன் விண்ணப்பத்திலும் அதே திரும்பிய 'என்', கை மட்டும் நடுங்கியிருந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவர், 1890 ஏட்டில் கோடு போட்டு அடித்திருந்தார்களே, அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்.

சம்பந்தியம்மாவிடம் காட்டியபோது ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "அதனாலதான் பாட்டி வீட்ல அவர் போட்டோவை மாடிப்படிக்கு அடியில மாட்டியிருந்தாங்களா" என்றார்.

ஒரு விஷயம் பாக்கி. கல்லறையில் பழைய ராணுவக் கல் இருந்தால் அதைப் பார்த்தே பக்கத்தைச் சொல்லிவிடலாம், யூனியன் கல்லின் தலை வளைவாக இருக்கும், உள்ளே குழிந்த கேடயம் செதுக்கியிருக்கும், கான்ஃபெடரேட் கல்லின் தலை கூம்பாக இருக்கும். கல்லே இல்லாத கல்லறை என்றால் முன்னாள் வீரர்கள் துறை இரண்டு பக்கத்தாருக்கும் இலவசமாகக் கல் தருகிறது. 40-1330 என்ற படிவம், அதோடு சேவைப் பதிவின் நகல். இவ்வளவு பழைய போர் என்பதால் ரத்த சொந்தம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்றில்லை, ஆனால் கல்லை நட இடுகாட்டு நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். எள்ளுத்தாத்தாவின் கல்லறையில் இப்போது புல் மட்டும்தான். படிவத்தை நிரப்பி வைத்திருக்கிறேன், வளைவா கூம்பா என்ற இடம் மட்டும் காலி. சம்பந்தியம்மா கேடயம் என்கிறார், அவர் அண்ணன் கூம்பு என்கிறார், நன்றி தெரிவிக்கும் நாளுக்குள் பேசி முடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.